ஒரு டீக்கடையும் மூன்று வெள்ளைக் கோட்டுகளும்

மருத்துவம், நர்சிங், பார்மசி மாணவர்களுக்கு ஒன்றுசேர்ந்து வேலை செய்யக் கற்றுக்கொடுப்பது என் பிழைப்பு. தவளைகளைத் தராசில் நிறுக்கிற வேலை என்று சக ஆசிரியர்களுக்கு நான் சொல்லவா வேண்டும்?

உலகம் எங்கே?

பாடத்தின் பெயர் உலக நலவாழ்வு. மருத்துவ மாணவன் அருண் முதல் வகுப்பிலேயே ஆப்பிரிக்க வரைபடத்தைத் திரையில் போட்டுவிட்டான். மாநில எல்லை தாண்டி மருந்து வாங்குகிறவர்கள் நம் பாறசாலைப் பக்கம் உதியன்குளங்கரையிலேயே நிறைய உண்டு, அங்கே போவோம் என்றேன். அவன் முகம் வாடிவிட்டது.

"உதியன்குளங்கரைக்குப் போக பஸ்ஸு போதும் டீச்சரே, பாஸ்போர்ட்டு வேண்டாமே!"

யார் முன்னே?

உதியன்குளங்கரையில் டீக்கடை வைத்திருக்கும் சுகுமாரன் அண்ணன் சர்க்கரை நோயாளி. சில வாரங்களாக வியர்த்து, தலைசுற்றி, கொதிக்கிற பாய்லர் பக்கமே சாய்கிறார். கடைக்குப் போனதும் என் படை வாசலிலேயே நின்றது. பிரஷர் கருவியைத் தூக்குவது அருணின் அந்தஸ்துக்கு ஆகாது. அவன் சொல்லாமல் நர்சிங் மாணவி ஷைனி அதைத் தொடமாட்டாள். பார்மசி மாணவன் அனீஷ் இருவருக்கும் பின்னால் பலகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மக்கா, நான் விழுந்த பொறவு ஆக்கும் உள்ள வருவியளா?" என்றார் அண்ணன்.

கேட்டால்தானே!

தூக்கக் குறைவு என்று அருண் தீர்ப்புச் சொல்ல, கிளம்பிவிட்டோம். பஸ் ஸ்டாப்பில்தான் அனீஷ் வாயைத் திறந்தான். அண்ணன் பாறசாலை ஆஸ்பத்திரி மாத்திரையோடு, எல்லைக்கு அந்தப் பக்கம் மார்த்தாண்டத்தில் கட்டிக்கொடுத்த மகள் வாங்கி வருவதையும் விழுங்குகிறார். பலகாரத்துக்குப் பக்கத்தில் கிடந்த அட்டைகளைப் பார்த்து அண்ணனிடமே கேட்டிருக்கிறான்: பெயர் வேறு, உள்ளே மருந்து ஒன்றே. சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கினால் ஆளே போய்விடுவார். அங்கேயே ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன்.

"அருண் என்கிட்ட கேக்கல்லியே டீச்சரே."

ஓட்டம்

திரும்பி ஓடினோம். அண்ணன் பெஞ்சில் சாய்ந்திருந்தார், நாக்குக் குழறியது. யாரையும் கேட்காமல் ஷைனி சர்க்கரையைக் கரைத்துப் புகட்டினாள். அருண் அனீஷிடம் மருந்தின் பெயரைக் கேட்டு ஆஸ்பத்திரிக்குப் போனில் சொல்லிவிட்டு, ஆட்டோவை மறித்தான். நான் அழுதுவிட்டேன், வெட்கமில்லை. மறுநாள் வார்டில் அண்ணன் தெளிந்து உட்கார்ந்திருந்தார்.

"பிள்ளைய மூணும் ஒத்துமையாட்டு வேல செய்யதுக்கு, நான் தெனமும் மயங்கணுமா டீச்சரே?"

ஆக, மூன்று படிப்பையும் ஒன்றுசேர்க்க எங்கள் கல்லூரிக்கு இதுவரை கிடைத்திருக்கும் ஒரே உபகரணம், மயங்கி விழுகிற நோயாளிதான்.