கீழே இறக்காதே

லூர்துசெல்வியின் எழுத்தைச் சுமக்காமல் சேர்வராயன் மலையிலிருந்து ஒரு காப்பிக்கொட்டைகூடக் கீழே இறங்கியதில்லை. சரி, கூட்டித்தான் சொன்னேன். ஒரே ஒரு எஸ்டேட். அதிலும் மூட்டைகள் மட்டும். எழுத்து வெட்டிய தகரத் தகட்டைச் சாக்கில் அழுத்திப் பிடித்து, மொட்டைப் பிரஷ்ஷால் நாலு குத்து. தகட்டை எடுத்தால் எஸ்டேட் பெயரும் போகும் ஊரும் கறுப்பாகப் பதிந்திருக்கும். ஓரம் கசிந்துவிட்டால் சாக்குக்குத்தான் திட்டு: “ஆடாம இரேன், உன்னய என்ன கிள்ளவா செய்யறேன்?”

வயது ஐம்பத்தெட்டு. மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணில் பெயிண்ட் போவதில்லை. கொட்டச்சேட்டில் அவள் வீட்டுக் குடை, குடம், முறம், கோயிலுக்குக் கொண்டுபோகும் பாய் எல்லாவற்றிலும் ‘லூ.செ.’ என்று அடித்திருக்கும். வெள்ளாட்டின் விலாவிலும் உண்டு. ஏன் என்று கேட்டால் ஒரே பதில்தான்: “மார்க் இல்லாத மூட்டை அடுத்தவன் லாரியில ஏறிருமுங்க.”

போன வாரம் அவள் வீட்டுக்குப் போனவள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டேன். கட்டிலின் தலைமாட்டுச் சுவரில், மூட்டையில் அடிக்கும் அதே கொட்டை எழுத்தில், ‘கீழே இறக்காதே’. அதற்கடுத்த வரி, ‘மூக்கில் குழாய் வேண்டாம்’. பெயிண்ட் காயக்கூட இல்லை. தலைவலி என்றுகூடப் படுக்காத மனுஷி, காலையில்தான் மூட்டை புரட்டிவிட்டு வந்திருக்கிறாள்.

“என்னடி இது, இழவு வீட்டு போர்டு மாதிரி?”

“பயப்படாதீங்க டீச்சரம்மா. காலு ஒடிஞ்சா சேலத்துக்கு இறக்கட்டும், கட்டுப் போட்டு மேல ஏத்தட்டும். திரும்பி வர்ற சீக்குக்கு இறக்கலாமுங்க. திரும்பாத சீக்குக்கு இறக்கக் கூடாது. வலிக்கு ஊசி போடட்டும், அத நான் தடுக்கல. மத்தபடி ஒதட்டுல ஈரத்துணி வெச்சு, சர்ச்சு சாமியாரு வந்து நெத்தியில கடைசி எண்ணெ பூசுனா போதும்.”

இறக்க வேண்டியவன் பக்கத்திலேயே நின்றான். மகன் கிறிஸ்துதாஸ், ஜீப் ஓட்டுகிறவன். இந்தப் பக்கத்தில் யாருக்கு நெஞ்சு வலித்தாலும் அவனைத்தான் தேடுவார்கள். இருபது கொண்டை ஊசி வளைவையும் அவன் இறங்குகிற வேகத்தில் நோயாளிக்கு வந்த நோயே மறந்துவிடும்.

மூன்றாவது வரிக்கும் லூர்துசெல்வி தகடு வெட்டி வைத்திருந்தாள்: ‘சம்மதம், கிறிஸ்துதாஸ்’. அதை அவன் தன் கையாலேயே அடிக்க வேண்டுமாம். காலையிலிருந்து மல்லுக்கட்டு. அவன் பிரஷ்ஷைத் தொடவே இல்லை.

“ஊரையே இறக்குறேன். பெத்தவள மட்டும் போட்டுட்டுப் பாத்துட்டு நிக்கோணுமா? எது திரும்பற சீக்கு, எது திரும்பாததுன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?”

“டாக்டரக் கேளு. பதில் சொல்லாம கையக் கழுவப் போனாருன்னா தெரிஞ்சுக்க.”

“இதுல வெளையாடாத.”

“வெளையாடல சாமி. உங்கப்பன நெனச்சுப் பாரு.”

பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னாள். அவள் கணவர் சூசைமாணிக்கம் இறந்தது இருபது வருஷத்துக்கு முன்னால், சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில். இனிமேல் தேறமாட்டார் என்று மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகும் பதினாலு நாள் வைத்திருந்தார்கள். மூக்குக் குழாயை அவர் பிடுங்கிப் பிடுங்கி எறிந்திருக்கிறார்.

“அந்த நர்ஸம்மா அவரு ரெண்டு கையையும் கட்டில்ல கட்டிப் போட்டாங்க, டீச்சரம்மா. பேச்சும் நின்னு போச்சு. ஊட்டுக்குப் போலாம்னு ஒரு சைகை காட்டோணும்னாக்கூட அவருக்குக் கையி இல்லீங்க. நொம்ப நல்ல மனுசன்.”

இந்த மலையில் நான் கேளாத கதை இல்லை. இதை மட்டும் கேட்டதில்லை. கிறிஸ்துதாஸ் குறுக்கிட்டான், சுவரைப் பார்த்தபடியே.

“நர்ஸம்மா இல்லம்மா. அவங்க துணியத்தான் குடுத்தாங்க. நீ டீ வாங்கப் போயிருந்த. கட்டுனது நானு.”

லூர்துசெல்வி அவன் முகத்தைப் பார்த்தாள். பிரஷ்ஷைப் பெயிண்டில் தோய்த்து, டப்பா விளிம்பில் வழித்து, காம்பை அவன் பக்கமாகத் திருப்பி நீட்டினாள்.