மதலேன் அக்காவின் செவ்வாய்க்கிழமைகள்

செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு வந்தது. சாமி விளக்கேற்றிவிட்டுக் கூடத்தில் நாற்காலிகளைப் போட்டுக்கொண்டிருந்தேன். பத்தரைக்குப் பெண்கள் வந்துவிடுவார்கள். பிரான்சிலிருந்து மதலேன் அக்காவின் மகள் பேசினாள். "ஆன்ட்டி, அம்மா போயிட்டாங்க. தூக்கத்துலயே" என்றாள். அதற்குப் பிறகு அவள் பேசியது பாதி பிரெஞ்சு, பாதி அழுகை. நான் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே மிச்ச நாற்காலிகளையும் போட்டு முடித்தேன். கண் ஆபரேஷனை முடித்துக்கொண்டு பொங்கலுக்குள் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர். அடக்கமும் அங்கேயே முடிந்தது. காரைக்காலில் ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

முப்பதாம் நாள் பூசைக்கு மாதா கோயிலில் கூடும்போது வாசிக்க ஏதாவது எழுதித் தாருங்கள் என்று நீங்கள் கேட்டீர்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றவள் நான். பிறகு படித்ததெல்லாம் நூலகத்தில் எடுத்துவந்து அடுப்படியில் படித்ததுதான். உங்களில் பலருக்கு அவர் கோயிலில் முன்வரிசையில் உட்காரும் மதாம். பென்ஷன் தாள்களைப் பிரெஞ்சில் நிரப்பிக் கொடுப்பவர். எனக்குத் தெரிந்தது செவ்வாய்க்கிழமை அக்காவை. அவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பாரிசுக்குப் பக்கத்தில் ஒரு மருத்துவமனையில், போரிலிருந்து தப்பி வந்தவர்களின் மனக்காயத்துக்கு வைத்தியம் பார்த்தவர் அவர். ஓய்வுபெற்று ஊர் திரும்பிய பிறகு, இங்கே சொந்தக்காரர் வீடுகளிலும் வாடகை வீடுகளிலும் இருக்கும் இலங்கை அகதிப் பெண்களுக்காகவும், சுனாமியில் பிள்ளைகளைக் கொடுத்துவிட்டு இன்னும் தூங்க முடியாத கடற்கரைப் பெண்களுக்காகவும் ஓர் இடம் தேடினார். எங்கள் வீட்டுக்கு வந்து, ஒரு வாய் காபி குடித்துவிட்டு, எழுந்து வாசலுக்கும் கொல்லைக்குமாக இரண்டு தடவை நடந்தார்.

"இந்தக் கூடம் எனக்கு வேணும் விசாலம். முன்னால ஒரு கதவு, பின்னால ஒரு கதவு. ரெண்டும் தொறந்தே கெடக்கு. அடைபட்டுக் கெடந்தவங்களுக்கு, எந்தப் பக்கமும் எழுந்து போயிடலாம்னு தெரிஞ்சாத்தான் உக்காரவே முடியும்."

செவ்வாய்க்கிழமை தோறும் வீட்டைக் கொடுத்தேன். அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் என்னை "கம்பவுண்டர் அம்மா" என்று கூப்பிட ஆரம்பித்தார்.

அக்கா யாரிடமும் "என்ன நடந்துச்சு?" என்று கேட்டதே இல்லை. வந்தவர்களிடம் "எப்படி வந்தீங்க?" என்றுதான் கேட்பார். பஸ்ஸா, நடையா, வழியில் வெயில் எப்படி, யாரையாவது பார்த்தீர்களா என்று. எதிரே உட்கார மாட்டார். பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பேருமாக வாசலைப் பார்ப்பார்கள். மூச்சு திணறுகிறவர்களுக்குக் காலைத் தரையில் அழுத்தச் சொல்வார். "செருப்ப கழட்டுங்க. சிமெண்டு சில்லுனு இருக்கா? அந்த சில்லு இப்ப, இந்த நிமிஷம். நீங்க இப்ப காரைக்கால்ல இருக்கீங்க" என்பார். மருந்து வேண்டியவர்களை அவரே டாக்டரிடம் அழைத்துப் போவார்.

எனக்கு எதையும் குறித்துவைக்கும் பழக்கம். பால், அரிசி, விரதம், தீட்டு, எல்லாவற்றுக்கும் நோட்டு உண்டு. முதல் செவ்வாயன்று அந்தப் பெண்கள் சொன்னதையும் வரி பிசகாமல் எழுதி, பெருமையாக அக்காவிடம் காட்டினேன். படித்துவிட்டு, "அந்தப் பக்கத்தக் கிழிச்சு அடுப்புல போடு" என்றார். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. "அவங்க சொன்னது அவங்களோடது விசாலம். தேதியும் பேரும் போதும் ஒனக்கு."

வதனியைப் பற்றிச் சொல்லாமல் அக்காவைப் பற்றிச் சொல்ல முடியாது. வதனி என்பது அவள் சம்மதத்தோடு நான் மாற்றி எழுதும் பெயர். வன்னியிலிருந்து வந்தவள். கிளிஞ்சல்மேட்டில் வாடகைக்கு இருந்துகொண்டு மீன் காயப்போடும் வேலைக்குப் போகிறாள். போரின் கடைசி நாட்களில் அவள் கண்ணெதிரே கணவரை ராணுவத்தார் பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. கழுத்தில் தாலி இருக்கிறது, நெற்றியில் குங்குமம் இருக்கிறது. கூடத்தில் ஒரு வருஷமாக உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸைப் பற்றி இரண்டு வரி சொன்னதோடு சரி, அவரைப் பற்றி வாயே திறக்கவில்லை. அக்காவும் கேட்கவில்லை. "அவ அவர ஒரு மனுஷனா நெனைக்கணும் விசாலம். இப்ப அவளுக்கு அந்த பஸ்ஸு மட்டுந்தான் ஞாபகத்துல ஓடுது. ஒரு நாள் அந்தாளு சாப்பிட்டதையோ சிரிச்சதையோ சொல்லுவா. அதுவரைக்கும் நாம இருக்கணும், அவ்வளவுதான் நம்ம வேல" என்றார்.

அந்த வேலையை நான் கெடுத்தேன்.

ஆடி வெள்ளிக்கு வீட்டில் விளக்கு பூசை வைத்து, செவ்வாய்க்கிழமைப் பெண்களையும் அழைத்திருந்தேன். பூசை முடிந்து சுமங்கலிகளுக்கு மஞ்சள் குங்குமம் கொடுத்துக்கொண்டு வந்தேன். நான்காவதாக வதனி உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் தட்டோடு நின்றுவிட்டேன். அவர் இருக்கிறாரா இல்லையா, கொடுக்கலாமா, அம்பாளுக்கு ஆகுமா என்று மனம் கணக்குப் போட்டது. எவ்வளவு நேரம் நின்றிருப்பேன், ஒரு மூச்சு நேரம் இருக்கும். பிறகு என் கை தானாகப் பக்கத்துத் தாம்பாளத்திலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து அவளிடம் கொடுத்தது. அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "நான் வாறன் அக்கா" என்று எழுந்துபோனாள்.

அடுத்த செவ்வாய் வரவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. மூன்றாவது வாரம்தான் அக்காவிடம் சொல்லத் தைரியம் வந்தது. மற்றவர்கள் போனபின் நாங்கள் இரண்டு பேரும் சாப்பிடும் நேரம் அது. அவர் ரொட்டியை ரசத்தில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார். பிரான்சுப் பழக்கத்தில் அது ஒன்றைத்தான் அவரால் கடைசிவரை விட முடியவில்லை. கேட்டுவிட்டு ரொட்டியைக் கீழே வைத்தார்.

"சாஸ்திரத்துல சந்தேகம் வந்துச்சு அக்கா, அதான்…" என்றேன்.

"ஒனக்குச் சந்தேகம் வந்தது தப்பில்ல. நீ சந்தேகத்தோட நிக்கல. முடிவு பண்ணிட்ட. அந்தாளு இருக்காரா இல்லையான்னு முடிவு பண்ண நீ யாரு, நான் யாரு?"

நான் அழுதேன். காரணங்களை அடுக்கினேன். "நீ சாமிகிட்டயும் இப்படித்தான் குறுக்க குறுக்க பேசுவியா?" என்றார். எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. பிறகு அவர் தன் கதையைச் சொன்னார். பிரான்சில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பையனிடம், காணாமல் போன அவன் அண்ணனைப் பற்றி, "அண்ணன் இறந்த பிறகு நீ என்ன செய்தாய்?" என்று வாய்தவறிக் கேட்டாராம். அவன் நாற்காலியை ஓசைப்படாமல் பின்னுக்குத் தள்ளி எழுந்து போனானாம். திரும்பி வரவே இல்லை. "நான் தேடிப் போகல. வெக்கம். நீ போ" என்றார்.

மறுநாள் புறப்பட்டபோது இன்னொன்றும் சொல்லி அனுப்பினார். "மன்னிப்புக் கேட்டு ஒன் மனச லேசாக்கிக்கிட்டு வந்துடாத. நீ என்ன செஞ்சேன்னு அவகிட்ட சொல்லு. அப்புறம் வாய மூடிக்கிட்டு அவ சொல்றதக் கேளு."

வதனி வாசலில் கருவாட்டைப் புரட்டிப்போட்டுக்கொண்டிருந்தாள். "வாங்கோ அக்கா, இருங்கோ. தேத்தண்ணி குடிக்கிறியளோ?" என்றாள், ஒன்றுமே நடக்காதது போல. நான் நின்றபடியே சொன்னேன்: "அன்னைக்கு ஒனக்குக் குங்குமம் குடுக்காம பழத்தக் குடுத்தேன். தெரிஞ்சுதான் செஞ்சேன்." அவ்வளவுதான் சொன்னேன். மிச்சத்தை விழுங்கிக்கொண்டேன். சைவக்காரி நான், அந்தக் கருவாட்டு வாடையில் நிற்பதே பெரும்பாடாக இருந்தது. நின்றேன்.

அவள் ஒரு வரிசை முழுக்கப் புரட்டி முடித்தாள்.

"நான் கோவிக்கேல்ல அக்கா. நீங்கள் தட்டோட நிண்டியள். அந்த நிண்ட நேரத்துக்குள்ள இவர் செத்துப்போனார். இவ்வளவு காலமும் ஒருத்தரும் எனக்கு முன்னால இவரைச் சாகவிடேல்ல. நீங்கள் ஒரு வாழைப்பழத்தைத் தந்து கதையை முடிச்சுப்போட்டியள்."

அவள் அடுத்த வரிசைக்குக் குனிந்தாள்.

"முடிவு எண்டு ஒண்டு வந்தா, நானே உங்களுக்குச் சொல்லுவன். அதுவரைக்கும் எல்லாருக்கும் தாறதை எனக்கும் தாங்கோ."

அதன் பிறகும் அவள் ஐந்து செவ்வாய் வரவில்லை. ஆறாவது செவ்வாய் வந்தாள். அக்கா எழுந்து வரவேற்கவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை. "எப்படி வந்தீங்க?" என்று கேட்டார். "பஸ்ஸிலதான் வந்தனான்" என்றாள் வதனி. சொல்லிவிட்டு அந்தச் சொல்லையே ஒரு கணம் யோசித்தது போல இருந்தாள். அன்று சாப்பிடும்போது அக்கா தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

அவர் பயணம் போன பிறகு நான்தான் நாற்காலி போட்டேன். நான் வைத்தியக்காரி இல்லை, வாசலைப் பார்த்து உட்காரத் தெரியும், அவ்வளவுதான். செய்தி வந்த செவ்வாயன்று, பெண்களிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் அடுப்படியிலேயே நின்றேன். வதனிதான் உள்ளே வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆர் அக்கா?" என்றாள். சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கள் முகம் பாக்கேல்லை. உங்களுக்கு நம்பக் கன காலம் செல்லும். அவசரப்படாதேயுங்கோ" என்றாள். சிவன் கோயிலில் மோட்ச விளக்கு ஏற்றலாம் என்று வீட்டுக்காரர் சொல்கிறார். ஏற்றுவேன். இன்னும் முடியவில்லை. செவ்வாய்க்கிழமை என்றால் இப்போதும் கை தானாக இரண்டு பேருக்கு ரசம் வைக்கிறது. மத்தியானம் எல்லாரும் போன பிறகு அந்தக் கூடத்தில் உட்கார்ந்தால், அன்று நடந்ததையெல்லாம் சொல்ல ஆள் இல்லை.

போன செவ்வாய் எப்படியோ கடல் பேச்சு வந்தது. வதனி சொன்னாள்: "இவருக்குப் படகில ஏறின உடன சத்தி வரும். பத்து வருசம் கடலுக்குப் போனவர். ஒவ்வொரு நாளும் சத்தி எடுத்துப்போட்டுத்தான் வலை போடுவார்."

"கடல்காரனுக்கு வாந்தியா!" என்றாள் மண்டபத்தூரிலிருந்து வருகிறவள். "எங்க ஊரா இருந்தா பொண்ணே குடுத்திருக்க மாட்டாங்க."

"எங்கட ஊரிலயும் தரேல்லத்தான். நான் ஓடிப்போனனான்."

கூடமே சிரித்தது. வதனியும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும், யாரும் கேட்காமலே, தன் கணவரின் பெயரைச் சொன்னாள். ஒரே ஒரு தடவை, மெதுவாக, யாரோ வாசலில் நிற்பவரைக் கூப்பிடுவது போல.

அக்கா இரண்டு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தது இதைக் கேட்பதற்காகத்தான். அவருக்குக் கேட்கக் கொடுத்துவைக்கவில்லை. அந்தப் பெயரை நான் எங்கும் எழுதி வைக்கவில்லை, இங்கேயும் எழுதப் போவதில்லை. அக்காவின் காதுக்குப் போக வேண்டிய பெயர் அது. அவருக்காக நான் வைத்திருக்கிறேன்.