கழுவி வைத்த ஜாடி

ஐம்பதுகளின் நடுவில் ராயபுரத்தில் நடந்தது இது. அப்போது நான் ஒரு சுகாதார ஆய்வுக்கூடத்தில் தற்காலிக உதவியாளன். ரயில் பாதையை ஒட்டிய ஒரு சந்துக்கு மேற்கே நிலக்கரிக் கிடங்கு இருந்தது. கரித்தூள் வீட்டுக்குள் வருகிறது, கிடங்கை அப்புறப்படுத்துங்கள் என்று சந்துக்காரர்கள் மனுக் கொடுத்திருந்தார்கள். எவ்வளவு தூள் விழுகிறது என்று அளந்து சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

கருவி என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். வாய் அகன்ற ஒரு கண்ணாடி ஜாடி, அடியில் கொஞ்சம் சுத்தமான தண்ணீர், அவ்வளவுதான். மாடியில் திறந்து வைத்தால் காற்றில் வரும் தூள் தண்ணீரில் தங்கிவிடும். மாதம் முடிந்ததும் வடிகட்டிக் காயவைத்து எடை போட வேண்டும்.

சந்தின் கடைசி வீட்டு மொட்டைமாடியில் வைத்தேன். அந்த வீட்டு அக்காவின் கணவர் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். இருமல் முற்றி வீட்டோடு கிடந்தார். மனுவில் முதல் கைநாட்டே அக்காவுடையதுதான். "இது இன்னாத்துக்கு சார்?" என்று கேட்டார். "அதெல்லாம் ஆபீஸ் விஷயம். சர்க்கார் பொருள், நல்லாப் பார்த்துக்குங்க" என்றேன். இன்டர்மீடியட் படித்த திமிர், வேறென்ன!

முதல் மாதம் தண்ணீர் பளிங்காக இருந்தது. இரண்டாவது மாதமும் அப்படியே. 'குறிப்பிடத்தக்க தூசி இல்லை' என்று எழுதிக் கொடுத்தேன். மூன்றாவது அறிக்கையும் அப்படியே போனால் மனு தள்ளுபடி. எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. என் சட்டைக் காலரில் படிந்த கரியைத் தட்டிவிட்டுக்கொண்டேதான் அதை எழுதினேன்.

மூன்றாம் மாதம் லீவு குறுக்கிட்டதால் இரண்டு நாள் முன்னதாகப் போனேன். அக்கா குழாயடியில் உட்கார்ந்து தேங்காய் நாரும் சாம்பலுமாக ஜாடியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சாக்கடையில் கறுப்புத் தண்ணீர் ஓடியது.

"இன்னா சார், சொல்லாம கொள்ளாம வந்துட்ட? ரெண்டு நாள்ல கரி வுழுந்து கலீஜாயிடுது சார். தண்ணி தேங்குனா கொசு ஆபீசர் ஃபைன் போட்டுடுவாரு. அதான் கழுவிக் கழுவி வேற தண்ணி ரொப்பி வெச்சிகினு கீறேன். ஒங்க பொருளாச்சே!"

கொசு ஆபீசரும் எங்கள் இலாகாதான். சிரிப்பு வரவேண்டிய இடம், ஆனால் உள்ளே அவர் கணவர் இருமிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அக்கா தேங்காய் நாரைக் கீழே போட்டார்.

"கரி புடிக்கத்தான் வெச்சதா? மொதல்லயே ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் ஏன் சார் கை வெக்கப் போறேன்? காலைல மேக்காத்து அடிச்சா கரி வரும். கடல் காத்து திரும்புனாதான் துணியே காயப் போடுவோம். நாளைக்கு வுழுமா வுழாதான்னு இன்னிக்கே சொல்லுவேனே!"

வேலை போனாலும் போகட்டும் என்று ஆய்வுக்கூட ஆபீசரிடம் நடந்ததை ஒப்புக்கொண்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இத்தனை நாள் நீ அளந்தது அந்தம்மா பாத்திரம் தேய்க்கிற சுத்தத்தைத்தானய்யா" என்றார். வேலை போகவில்லை. ஆனால் மறுபடி முதலிலிருந்து மூன்று மாதம்.

இந்த முறை வாரத்துக்கொரு ஜாடி வைத்தேன். நாளைக்குக் கரி வரும் என்று தோன்றினால் அக்கா முந்தின நாளே காலண்டரில் புள்ளி வைத்துவிடுவார். புள்ளி அதிகமான வாரங்களில் ஜாடியின் தண்ணீர் மையாக இருந்தது. அறிக்கையோடு அந்தப் புள்ளிகளையும் எழுதிக் கொடுத்தேன். கிடங்கை மாற்ற உத்தரவு வந்தது.

அதைச் சொல்ல ஓடினேன். சுவரில் மாதா படத்துக்குப் பக்கத்தில் அவர் கணவரின் படம், முன்னால் மெழுகுவர்த்தி. போய்ப் பத்து நாள் ஆகியிருந்தது. உத்தரவு மூன்று மாதம் முந்தியிருந்தால் பிழைத்திருப்பாரா, எனக்குத் தெரியாது. உத்தரவைப் படித்துக் காட்டினேன். அக்கா தலையாட்டிவிட்டு மாடியைக் காட்டினார்.

"ஜாடி அங்கதான் கீது, சார். நான் கழுவல."

அதற்குப் பிறகு யாரிடம் எதைக் கொடுத்து 'பார்த்துக்குங்க' என்றாலும், எதற்கு என்றும் சேர்த்துச் சொல்லாமல் என்னால் அந்த இடத்தை விட்டு நகர முடிவதில்லை.