ஃபார்வேர்டு எல்லாம் குப்பைக்கு

1. டப்பா நிறைந்தது

“இன்னா டீச்சர், உங்க டப்பா ரொம்பிப் போச்சாமே! திருவள்ளூர் கல்வி ஆபீஸ்லருந்து அனுப்பின மெயிலு அவங்களுக்கே திரும்பிப் போய்கீது. போன்ல என்னைய வறுத்து எடுக்கறாங்க!”

எங்கள் தலைமை ஆசிரியர் லேப் வாசலில் நின்று இப்படிக் கத்தியபோது என் கையில் பிப்பெட் இருந்தது. பிளஸ் டூ செய்முறைத் தேர்வுக்குப் பத்து நாள்தான் பாக்கி. இரண்டாயிரத்து மூன்று வாக்கில் நடந்தது இது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய பள்ளி எங்களுடையது. பிள்ளைகளில் பாதிப் பேரின் அப்பாக்கள் இரும்பு உருக்கும் கம்பெனிகளில் ஷிப்ட் பார்ப்பவர்கள். நான் வேதியியல் ஆசிரியை, பெயர் செல்வி.

அவர் டப்பா என்றது என் இன்பாக்ஸை. என் சொந்த மெயில் எப்படிப் பள்ளியின் மெயில் ஆனது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு பள்ளியும் ஒரு இமெயில் முகவரி தர வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. பள்ளிக்கென்று ஒன்றும் இல்லை. ஆசிரியர்களில் மெயில் வைத்திருந்தவள் நான்தான்.

“புதுசா ஒண்ணு இன்னாத்துக்கு? உங்களுதையே குடுத்துடுங்க டீச்சர். மெயிலு மெயிலுதானே.”

கொடுத்தேன். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, பொய் சொல்வானேன். இளைய ஆசிரியர்களே, பல் துலக்கும் பிரஷை யாருக்காவது இரவல் கொடுப்பீர்களா? சொந்த மெயிலும் அப்படித்தான். பள்ளிக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று என்று முதல் நாளே பிரித்துவிடுங்கள். நான் பிரிக்கவில்லை.

அந்தக் காலத்து இலவச மெயிலில் மொத்த இடமே நாலு எம்.பி.தான். வரும் ஒவ்வொரு மெயிலையும் ஸ்டேஷன் பக்கத்து பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுப்பேன். தபால் பதிவேட்டில் எண் போட்டுச் சுற்றுக்கு விடுவேன். எல்லா ஆசிரியர்களும் ‘பார்த்தேன்’ என்று கையெழுத்துப் போடுவார்கள். அதன் பிறகும் மெயிலை அழிக்க மாட்டேன். வாத்தியார் ஜாதிக்குக் காகிதத்தைக் கிழிக்க மனசு வராது, அந்தப் பழக்கம் மெயிலுக்கும் வந்துவிட்டது.

இது போதாதென்று, புதிதாக மெயில் கற்றுக்கொண்ட சக ஆசிரியர்கள் ரோஜாப்பூ, சாமி படம், பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் கெடுதல் வரும் என்ற மிரட்டல் என்று அனுப்பித் தள்ளினார்கள். அதிலும் எங்கள் பி.டி. மாஸ்டர் காலையில் ஒரு பூ, மாலையில் ஒரு பூ. அந்தப் பூக்களுக்கு நடுவே செய்முறைத் தேர்வுப் பட்டியலுக்கு இடமில்லாமல் போனது.

2. கையெழுத்து

அந்த மெயிலை நான் தொடங்கியது பள்ளிக்காக அல்ல, நூர்ஜஹானுக்காக. அவள் எங்கள் பள்ளியின் தாவரவியல் ஆசிரியை. பழவேற்காட்டில் வீடு. காலையில் பஸ்ஸில் பொன்னேரி வந்து, அங்கிருந்து ரயில் பிடித்து வருவாள். ஏழு வருஷம் ஒரே லேப் மேசையின் இரண்டு பக்கமும் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். என் பக்கம் ஆசிட் பாட்டில், அவள் பக்கம் செம்பருத்தி. அவள் கொண்டுவரும் நாஷ்டாவில் பாதி எனக்கு, என் டிபனில் பாதி அவளுக்கு.

கல்யாணமாகி அவள் சவூதியில் தமாம் போகும் வாரத்தில், பிரவுசிங் சென்டரில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஆளுக்கொரு மெயில் தொடங்கினோம். அவள் போன பிறகு அந்த மேசையின் எதிர்ப்பக்கத்தில் வேறு யாரையும் நான் உட்காரவிடவில்லை. ஸ்டாண்டை, புத்தகத்தை வைத்து அடைத்துவிட்டேன்.

அவள் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதி அனுப்புவாள். எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் கண் பூத்துவிடும், அவள் குரலும் அதில் கேட்காது. ஒரு நாள் எழுதினேன்: “நூரு, உன் கையெழுத்தைப் பார்க்கணும் போல இருக்கு. எப்படியாவது கையால எழுதி அனுப்பு.” இலை, தண்டு, வேர் என்று படத்தின் பக்கத்தில் அவள் பெயர் எழுதினால் அச்சடித்த மாதிரி இருக்கும். அந்த எழுத்துக்கு நான் ஏங்கினேன்.

“அவரு ஆபீஸ்ல ஸ்கேனர் கீது. கேட்டுப் பாக்கறேன், பொறு” என்று பதில் வந்தது. அந்த வாரம்தான் தலைமை ஆசிரியர் லேப் வாசலில் கத்தினார்.

3. ஃபில்டர்

பிரவுசிங் சென்டர் பாஸ்கர் வழி சொன்னான். “மேடம், ஒரு ஃபில்டர் போட்டா போதும். ஃபார்வேர்டு மெயிலுக்கெல்லாம் சப்ஜெக்ட்ல முன்னாடி எஃப்.டபிள்யூ.டி.னு தானா ஒட்டிக்கும். அது இருந்தா நேரா ட்ராஷுக்குப் போவட்டும்னு சொல்லிடுங்க. நீங்க கண்ணாலகூடப் பாக்க வேணாம்.”

போட்டேன். ஒரே உட்காரலில் மற்றதையும் ஒழுங்கு பண்ணினேன். அலுவலகம், தேர்வு, மதிப்பெண் என்று ஃபோல்டர்கள். ‘நூர்’ என்று ஒன்று. வேண்டிய இணைப்புகளை ஃபிளாப்பியில் இறக்கிவிட்டு மெயிலை அழித்தேன். டப்பாவில் பாதிக்கு மேல் காலி. செய்முறைத் தேர்வுப் பட்டியலும் மறுநாள் வந்து சேர்ந்தது.

பிறகு ஆசிரியர்களைக் கூட்டி வகுப்பே எடுத்தேன். சப்ஜெக்டைக் காலியாக விடாதீர்கள். வகுப்பு, பாடம், என்ன விஷயம், மூன்றும் அதில் இருக்கட்டும். ஒரு மெயிலைத் திறந்தால் பதில் போடுங்கள், இல்லை ஃபோல்டரில் போடுங்கள், இல்லை அழியுங்கள். திறந்து மூடி அப்படியே விடாதீர்கள். பிரவுசிங் சென்டரை விட்டு எழுந்திருக்கும்போது சைன் அவுட் செய்யுங்கள். இந்த மூன்றும் இன்றைக்கும் பொருந்தும். தலைமை ஆசிரியரே, “டீச்சர் டப்பா இப்ப கண்ணாடி மாரி கீது” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

நூரிடமிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை. ஒரு வாரம், ஒரு மாதம், மூன்று மாதம். தினமும் போய் ‘நூர்’ ஃபோல்டரைத் திறந்து பழைய மெயில்களைப் பார்ப்பேன். இரண்டு முறை “ஏன் எழுதவில்லை?” என்று கேட்டு எழுதினேன். அதற்கும் பதில் காணோம். வெளிநாடு போனவளுக்கு நாம் எதற்கு என்று ரோஷம் வந்துவிட்டது. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் நான் வீடு மாற்றியதைக்கூட எழுதவில்லை.

4. புதன்கிழமை

மே மாதம், பள்ளி விடுமுறை. மார்க்கெட்டில் கணக்கு டீச்சரைப் பார்த்தேன்.

“ஜூன் டைம்டேபிள உங்களுக்கு ஃபார்வேர்டு பண்ணி நாலு நாளாவுது. பதிலே காணமே டீச்சர்?”

பையோடு அப்படியே பாஸ்கர் கடைக்குப் போனேன். அத்தனை மாதத்தில் நான் ட்ராஷைத் திறந்தது அன்றுதான். ஒரு வாரத்துக்கு முந்தியதையெல்லாம் அந்த மெயில் கம்பெனியே அழித்துவிடும். மிச்சமிருந்ததில் டைம்டேபிள் இருந்தது. ஏழெட்டுப் பூக்கள் இருந்தன. ஒரு மெயிலில் நூர்ஜஹான் பெயர் இருந்தது.

திறந்தேன். மேலே ஆங்கில எழுத்தில் தமிழ்: “செல்வி, லெட்டர் எதுவும் கெடைக்கலயா? லீவுல ஊருக்கு வந்துகீறேன். கொழந்தைக்கு அம்மை போட்டுகீது, வெளிய வர முடியல. தம்பிய ஸ்கூலுக்கு அனுப்பினேன், பூட்டிகீதாம். பழைய லெட்டர் ஒண்ணோட சேத்து இத பொன்னேரிலருந்து அவன்தான் அனுப்பறான். புதன் மத்தியானம் கிளம்பறேன். வா.” அதற்குக் கீழே ஸ்கேன் செய்த ஒரு பக்கம். அவள் கையெழுத்து.

அப்போதுதான் புரிந்தது. கடிதம் ஆபீஸில் ஸ்கேன் ஆகி அவள் கணவரின் மெயிலுக்குப் போகும். அவர் அவளுக்கு ஃபார்வேர்டு செய்வார். அவள் எனக்கு ஃபார்வேர்டு செய்வாள். “ஏன் எழுதவில்லை?” என்று நான் கேட்டதற்கும் அப்படித்தான் கையால் எழுதிப் பதில் அனுப்பியிருப்பாள். நான் கேட்டு வாங்கிய கையெழுத்து ஒவ்வொன்றும் அந்த மூன்று எழுத்தைத் தலையில் சுமந்துகொண்டு வந்து, நேராகக் குப்பைக்குப் போயிருக்கிறது.

அன்று புதன். மணி பதினொன்று. காய்கறிப் பையைப் பாஸ்கரிடம் போட்டுவிட்டு ஓடினேன். ரயிலுக்கு முக்கால் மணி நேரம் நின்றேன். பொன்னேரியில் இறங்கி பஸ் பிடித்துப் பழவேற்காடு போனபோது இரண்டு மணி தாண்டிவிட்டது. வாசலில் அவள் அம்மா நின்றிருந்தார்.

“செல்வி டீச்சர்தானே? இப்பத்தான்மா வண்டி போச்சு. அரை அவரு ஆவல. வருவ வருவனு வாசலயே பாத்துக்கினு இருந்தா.”

டீ கொடுத்தார். அவர் வெள்ளைச் சேலை கட்டியிருந்ததைக் கண் பார்த்தது, மனசு பார்க்கவில்லை. நான் குழந்தை யார் ஜாடை என்று கேட்டுக்கொண்டிருந்தேன். கிளம்பும்போது ஒரு பிளாஸ்டிக் ஃபைலை என் கையில் வைத்தார்.

“இத உன்னாண்ட குடுக்கச் சொன்னா.”

திரும்பும் பஸ்ஸில் பிரித்தேன். ஆறு கடிதங்கள், ஸ்கேன் செய்த அசல்கள். மூலையில் சிவப்பு மையில் ஒன்று முதல் ஆறு வரை எண். எங்கே போனாலும் வாத்தியார் வாத்தியார்தான். முதலாவதில் என்னைக் கிண்டல் செய்திருந்தாள். இரண்டாவதில் குழந்தை பிறந்த செய்தி. மூன்றாவது சின்னக் கடிதம்.

“செல்வி, வாப்பா மௌத்தாயிட்டாரு. கொழந்த பொறந்து பன்னெண்டு நாளு, என்னால வர முடியல. எனக்குப் பதிலா நீ போய் அம்மா பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காரு. நீ போனா நான் போன மாரி.”

அவள் அப்பா இறந்ததைத்தான் அந்த வெள்ளைச் சேலை சொல்லியிருக்கிறது. பொன்னேரியில் இறங்கினேன். கும்மிடிப்பூண்டி ரயில் நின்றுகொண்டிருந்தது. ஏறவில்லை. அடுத்த பஸ்ஸில் மறுபடியும் பழவேற்காடு போனேன். அவள் அம்மா என்னைப் பார்த்ததும், எதையோ மறந்து வைத்துவிட்டேன் என்று நினைத்துச் சுற்றிலும் தேடினார்.

“மூணாவது லெட்டர இப்பத்தாம்மா படிச்சேன்” என்றேன்.

அவர் பாயை விரித்து என்னை உட்காரச் சொன்னார். தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். “லேட்டானா இன்னாமா? அவ அனுப்பினா, நீ வந்துட்டல்ல” என்றார். பொழுது சாயும் வரை உட்கார்ந்திருந்தோம்.

5. சனிக்கிழமை

மறுநாளே ஃபில்டரை எடுத்தேன். எல்லாவற்றையும் சொல்லி நூருக்கு எழுதினேன். அவள் பதில் வந்தது, அந்த மூன்று எழுத்தோடு, அவள் கையெழுத்தில்: “கெமிஸ்ட்ரி டீச்சரு வடிகட்டறப்ப எது கசடு எது கரைசல்னு பாக்க மாட்டியா?” திட்டுவாள் என்று நினைத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

அதற்குப் பிறகு நாலைந்து வருஷம் எழுதினாள். கணவருக்கு வேலை மாறி வேறு நாடு போவதாகக் கடைசிக் கடிதத்தில் இருந்தது. அதன் பின் நான் அனுப்பிய மெயில்கள் ஆளில்லை என்று திரும்பி வந்தன. பழவேற்காட்டு வீட்டுக்கும் போனேன். அவள் அம்மாவைத் தம்பி எங்கோ கூட்டிப் போய்விட்டார், வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள். அந்தப் புதன்கிழமை தவறவிட்டவளை நான் இன்றுவரை நேரில் பார்க்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகும் இளைய ஆசிரியர்கள் மெயிலை ஒழுங்கு பண்ணித் தரச் சொல்லி என்னிடம் வருகிறார்கள். பண்ணித் தருகிறேன். ஃபில்டர் எத்தனை வேண்டுமானாலும் போடுங்கள், ஆனால் எதையும் நேராக ட்ராஷுக்கு அனுப்பாதீர்கள், ‘பிறகு பார்க்க’ என்று ஒரு ஃபோல்டர் வைத்து அதில் விழச் செய்யுங்கள் என்பேன். வாரம் ஒரு நாள், சனிக்கிழமை என்று வைத்துக்கொண்டு, ஸ்பாமையும் ட்ராஷையும் ஒரு முறை திறந்து பார்த்த பிறகுதான் காலி செய்ய வேண்டும். எனக்குத் தெரிந்த பாடம் அவ்வளவுதான்.

அந்தப் பழைய முகவரியை நான் விடவில்லை. இப்போது அதில் விளம்பரம் தவிர ஒன்றும் வருவதில்லை. “எதுக்கு டீச்சர் அத இன்னும் வெச்சிகினு கீறீங்க?” என்று கேட்கிறார்கள். அவளுக்குத் தெரிந்த என் முகவரி அது ஒன்றுதான். சனிக்கிழமை காலையில் திறந்து, குப்பையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பார்க்கிறேன்.