வெள்ளை உடுப்புக்காரியும் பூட்டிய மாடி அறையும்

1. கேட்

நான் மைக் பிடித்த முதல் நாள், ரெம்பியா பக்கத்து எஸ்டேட் கேட்டிலேயே எங்கள் பட வேனை நிறுத்திவிட்டார்கள். காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு முள்வேலியைத் தாண்டி அரிசி கடத்துகிறோமா என்று பார்க்கிற மலாய்க் காவலர், ரீல் டின்களைத் தட்டிப் பார்த்தார்.

“பெராஸ் அடா?” என்றார். அரிசி இருக்கா என்று கேட்கிறார்.

ஆப்பரேட்டர் சூசை அண்ணன் சிரிக்காமல் பதில் சொன்னார். “பெராஸ் தடா, தூவான். ஹந்து அடா.” அரிசி இல்லை, பேய்தான் இருக்கிறது என்று.

காவலரும் சிரித்தார். ஆனால் டின் மேலிருந்த கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மைக்கை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தேன். அது என் வீட்டுக்காரருடைய மைக். போன மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டார். அந்தக் கம்பி வலையில் அவர் வெற்றிலை வாசம் இன்னும் இருந்தது.

இந்த வேலை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மலாக்காவிலிருந்து வேனில் இங்கிலீஷ் படத்தை எடுத்துக்கொண்டு எஸ்டேட் எஸ்டேட்டாகப் போவோம். சனங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. அதனால் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று தமிழில் கதை சொல்ல வேண்டும். கதை சொல்கிறவருக்கும் இங்கிலீஷ் தெரியாது, அது வேறு விஷயம். இருட்டினால் ஊரடங்கு. ஆகவே மத்தியானத்திலேயே ரப்பர் ஷீட் ஸ்டோர் ஜன்னல்களில் சாக்கைத் தொங்கவிட்டு, உள்ளே இருட்டாக்கிப் பேய்ப் படம் போடுவோம். வெளியே வெயில் கொளுத்தும். உள்ளே ரப்பர் நாற்றத்தில் பேய் நடக்கும்.

நடேசன் முதலாளி வேனில் ஏறும் முன்பே சொல்லிவிட்டார்.

“பொம்பளக் குரல்ல பேய்க்கதை எடுபடுமாலா? சரி, அவன் பொண்டாட்டியாச்சேன்னு ஒரு படம் தர்றேன். சனம் பாதியில எந்திரிச்சுப் போச்சுன்னா வேற ஆளு. அப்புறம் அழுதுக்கிட்டு நிக்கக்கூடாது.”

“நிக்கமாட்டேன் முதலாளி” என்றேன். வேறொருவர் வாய்க்கு முன்னால் அந்த மைக் இருப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. எனக்கு அதுதான் பயம், பேய் இல்லை.

2. பேய்ப் படங்களைப் பற்றி என் அபிப்பிராயம்

வீட்டுக்காரர் இருந்தபோது வேனோடு போய்ப் போய், இந்த இரண்டு மூன்று வருஷத்தில் வந்த பேய்ப் படம், மர்மப் படம் எல்லாம் பார்த்துவிட்டேன். படிப்பு இல்லை, கண் இருக்கிறது.

மர்மப் படத்தில் தட்டில் தேத்தண்ணி கொண்டுவரும் வேலைக்காரன் முறைத்துப் பார்த்தால், அவன் கொலைகாரன் இல்லை. முதல் ரீலிலேயே எல்லாரிடமும் அன்பாகப் பேசுகிற டாக்டரைத்தான் கவனிக்க வேண்டும். இதை நான் முன்கூட்டியே சொல்லிவிடுவதால் வீட்டுக்காரர் என்னைப் பக்கத்தில் உட்காரவிட மாட்டார். “வாய மூடிக்கிட்டுப் பாக்குறதுன்னா பாரு, இல்லாட்டி வேன்ல போய்த் தூங்கு” என்பார்.

பேய்ப் படத்தில் பேயைக் காட்டாமல் கதவை மட்டும் காட்டினால் நல்ல படம். கதவு மெதுவாகத் திறந்தால் லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள் தாய் மடியில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். பேயை முழுசாகக் காட்டிவிட்டால் அடுத்த நிமிஷமே “அதோட காலப் பாரு, சப்பாத்து போட்டிருக்கு” என்று எவனாவது கத்துவான். அதைவிட மோசம், கடைசியில் பேயே இல்லை, சித்தப்பன்தான் போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்தான் என்று முடிகிற படம். அதைப் பார்த்துவிட்டு வரும்போது ஏமாந்த மாதிரி இருக்கும். ஒரு சித்தப்பனுக்கா இவ்வளவு நேரம் பயந்தோம்?

இன்னொன்றும் எனக்குப் புரிவதில்லை. அவ்வளவு பெரிய பங்களா, அத்தனை அறை. பேய் இருக்கிற அறைக்கு ஏன் மெழுகுவர்த்தியோடு தனியாகப் போகிறாள்? நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போனால் என்ன? எங்கள் லயத்தில் பேய் இடம் தேடினாலும் கிடைக்காது.

3. வெள்ளை

அன்றைக்குப் போட்ட படத்தை நாங்கள் யாரும் முன்னால் பார்க்கவில்லை. ரீல் அன்று காலைதான் வந்தது. கதை என்ன என்று கேட்டதற்குச் சூசை அண்ணன், “பங்களா, பூட்டின மாடி அறை, ஒரு பொண்ணு. எல்லாம் ஒண்ணுதான், சொல்லு” என்றார்.

விளக்கை அணைத்தார்கள். திரையில் கண்ணாடி முன்னால் ஒரு சின்னப் பெண். உடம்பு முழுக்க வெள்ளை. தலையில் வெள்ளை வலைத்துணி. அழுதுகொண்டிருந்தாள்.

பெண்கள் பக்கம் உச்சுக்கொட்டினார்கள். “ஐயோ பாவம், இந்த வயசுலயே தாலி அறுத்துட்டாளே.”

எனக்கும் அப்படித்தான் பட்டது. நானும் வெள்ளைச் சேலையில்தானே நின்றேன்? மைக்கில் சொன்னேன்: “இந்தப் பொண்ணு புருஷனப் பறிகொடுத்தவ. அவர் இருந்த அறை மேல மாடியில பூட்டிக் கெடக்கு. சாவி இவகிட்ட இருக்கு. தெறக்கத்தான் தைரியம் இல்ல.” ஸ்டோரில் மூச்சுச் சத்தம்கூடக் கேட்கவில்லை. சொல்வது எடுபடுகிறது என்று தெரிந்துவிட்டது.

ரீல் முடிந்தது. எங்களிடம் ஒரே மெஷின்தான். அடுத்த ரீல் மாட்டும்வரை சனத்தைப் பிடித்து வைப்பதும் மைக்காரர் வேலை. அப்போதுதான் சூசை அண்ணன் குனிந்து என் காதில் சொன்னார்.

“லெட்சுமி, என்ன வேல பண்ணிட்ட? அது கல்யாண உடுப்பு! எங்க மாதா கோயில்லயும் சரி, வெள்ளக்காரங்களும் சரி, கல்யாணத்துக்குத்தான் வெள்ள போடுவாங்க. டின் மேல படம் போட்டிருக்கான் பாரு, அடுத்து சர்ச்சுல மோதிரம் மாத்துறாங்க!”

தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றால் ஸ்டோரே சிரிக்கும். முதலாளி பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

“இப்ப என்னண்ணே செய்ய?”

“நான் ரீலத்தான் மாத்த முடியும். கதைய நீ பாத்துக்க.”

ரீல் ஓடியது. சர்ச், பாதிரியார், மோதிரம். கறுப்புக் கோட்டு போட்ட ஒருவன் அவள் கையைப் பிடித்தான். நான் வாயைத் திறக்கும் முன்பே, தோட்டத்து ஆட்களை மேய்க்கிற கங்காணி எழுந்துவிட்டார்.

“ஏம்மா மைக்காரம்மா, அறுத்தவளுக்கு மறுபடி கல்யாணமா? எங்க லயத்துப் பொம்பளைங்களுக்கு என்னத்தக் கத்துக்கொடுக்க வந்திருக்க?”

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. “ஒக்காருங்க கங்காணி, படம் மறைக்குது. மொத சம்சாரம் போன மறுவருசமே நீங்க மட்டும் புது மாப்பிள்ளையாகலாமா?”

ஸ்டோர் அதிரச் சிரித்தார்கள். கங்காணி உட்கார்ந்துவிட்டார். அந்தக் குரல் யாருடையது என்று இன்றுவரை தெரியாது. அவள்தான் என் மைக்கைக் காப்பாற்றினாள்.

“ஆமா, அவளுக்குத்தான் கல்யாணம்” என்றேன் மைக்கில். “அவளா கேக்கல. இந்த மனுசன் வந்து கேட்டான். அவ மூணாம் மனுசங்க வாய்க்குப் பயப்படல. மாடியில இருக்கவருக்குத்தான் பயப்படுறா. அவர் என்ன நெனைப்பாரோன்னு.”

கடைசி ரீலில் பூட்டிய அறை திறந்தது. படிக்கட்டின் உச்சியில் ஓர் ஆண் உருவம், முகம் தெரியாமல். அவள் கீழே நடுங்கிக்கொண்டு நிற்கிறாள். உருவம் கையைத் தூக்கியது. ஏதோ இங்கிலீஷில் நீளமாகச் சொன்னது.

அந்த இடத்தில் நான் கதை சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் எப்படிப் பேசுவாரோ அப்படிப் பேசினேன்.

“ஏய், எதுக்கு அழுவுற? நான் போய்ட்டேன். நீயும் ஏன் இந்த அறைக்குள்ள கெடக்குற? சாவியத் தூக்கிப் போடு. வாயத் தெறந்து பேசு. நீ பேசினா ஊரே கேக்கும்னு எனக்கு அப்பவே தெரியும். அதான் உன்னப் பக்கத்துல ஒக்கார வெக்கல.”

உருவம் மங்கி மறைந்தது. திரையில் விடிந்தது. என் குரல் உடைந்துவிட்டது. அதையும் கதை என்றே நினைத்துக்கொண்டு பெண்கள் விம்மினார்கள். பிறகு கைதட்டல். சாக்கை விலக்கி வெயிலை உள்ளே விட்ட பிறகும் யாரும் எழவில்லை.

4. அதற்கப்புறம்

டின்னைக் கட்டும்போது சூசை அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். “அந்தப் பேய் கையத் தூக்கிச் சாபம் விட்டுச்சு, தெரியுமா? எனக்குத் தெரிஞ்ச அரைகுறை இங்கிலீஷ்ல ‘உன் வம்சம் வெளங்காது’ங்குது. நீ அத ஆசீர்வாதமாக்கிட்ட.”

முதலாளி வேனில் ஏறும்போது, “அடுத்த எஸ்டேட்டுக்கும் இதே கதைதான். ஒரு வார்த்த மாத்தாத” என்றார்.

மாற்றத்தான் செய்தேன். ஒவ்வொரு ஊரிலும் அந்த உருவம் வேறு எதையாவது சொல்லும். இப்போது எஸ்டேட்காரர்கள் படத்தின் பெயரைக் கேட்பதில்லை. “அறுத்தவ கல்யாணப் படம் எப்ப வருது, மைக்காரம்மா வர்றாங்களா?” என்றுதான் கேட்கிறார்கள். அந்த மைக்கை என்னிடமிருந்து வாங்க யாரும் கை நீட்டுவதில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: படத்தில் வருகிற பேய் அதன் பாட்டுக்கு என்னவோ சொல்லும். உன் சனத்துக்கு அது என்ன சொல்ல வேண்டும் என்பது உன் வாயில் இருக்கிறது. பயமுறுத்துவது சுலபம், எந்தக் கதவும் பயமுறுத்தும்.

நான் இன்னும் வெள்ளைச் சேலைதான் கட்டுகிறேன். போன வாரம் ஒரு எஸ்டேட்டில் ஒரு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். “ஏம்மா, இந்த வயசுல வெள்ளையா?”

“கல்யாண உடுப்புக்கா” என்றேன். “படம் பாருங்க, தெரியும்.”