ஐஸ் மாப்பிள்ளையின் கள்ளக் கேன்கள்

வாடிப்பட்டி தாண்டி இருக்கும் என் மனைவியின் ஊரில் எனக்கு ஐஸ் மாப்பிள்ளை என்று பெயர். குளிர்ச்சியான ஆள் என்பதால் வைத்தது இல்லை. நான் எளிதில் சூடாகிற ஆள்தான்.

அந்த ஊரில் அறுப்பு முடிந்து கண்மாய்த் தண்ணீர் இடுப்பளவுக்கு வற்றியதும் மீன்பிடித் திருவிழா. பெரியவர் ஒருவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். ஊரே ஊத்தாவும் வலையுமாகத் தண்ணீரில் பாயும். ஊத்தா என்பது அடியில்லாத கூடை. கவிழ்த்து அழுத்தி, மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவ வேண்டும். கல்யாணமான முதல் வருடம் துழாவினேன், சேறு. இரண்டாம் வருடமும் சேறு. மூன்றாம் வருடம் மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு கடையில் கெண்டை வாங்கி, பையில் மறைத்துக் கொண்டுபோய், கண்மாயில் முக்கி எடுத்துக் கரையேறினேன். மீனைப் பார்க்க வந்த ஒருவர் செவுளைத் தூக்கினார். உள்ளே ஐஸ் கட்டி. அன்றிலிருந்து டீக்கடையில் சின்னப்பயல்கூட, "ஐஸு, நம்ம கண்மாயில கரண்டு கனெக்சன் எப்ப குடுத்தாங்க?" என்று கேட்பான். என் மாமனார் பக்கத்தில் உட்கார்ந்து டீயை ஊதிக்கொண்டே இருப்பார். எனக்குப் பரிந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். அந்த வயிற்றெரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

போன வருடம் எப்படியாவது அந்தப் பெயரைத் தொலைப்பது என்று முடிவு செய்தேன். அதற்கு முந்தின கோடையில் கண்மாய் காய்ந்து கிடந்தபோது, வண்டல் அள்ளிய ஒரு குழியைப் பார்த்து வைத்திருந்தேன். தண்ணீர் வற்ற வற்ற மீனெல்லாம் பள்ளத்துக்குத்தானே வந்தாக வேண்டும்? ஆனால் தண்ணீர் நின்றபிறகு எல்லா இடமும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆகவே திருவிழாவுக்கு மூன்று வாரம் முன்பு, ஊர் சாப்பிட்டுத் தூங்கும் மதியத்தில் லாரி டியூபில் மிதந்து போனேன். குழிக்கு மேலே ஒரு பச்சை சோடா பாட்டிலை நூலில் கல் கட்டி மிதக்கவிட்டேன். பாசியோடு பாசியாக இருக்கும், தெரிந்தவனுக்குத்தான் தெரியும்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். என் மூளை நிற்கவில்லை. ஊர்க்காரர்களை ஏமாற்ற, குழிக்கு நேர் எதிர் மூலையில், ஒன்றுமே இல்லாத இடமாகப் பார்த்து, இரண்டு பெரிய வெள்ளை கேன்களை மிதக்கக் கட்டினேன். மீன் சேரும் இடத்துக்கு யாரோ அடையாளம் வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கட்டும். பாரத்துக்கு மாமனாரின் தொழுவத்தில் கிடந்த இரண்டு சாக்குகளில் கல்லைப் போட்டு இறக்கினேன். மாமனாரிடம் சொல்லவில்லை. அவர் வாய்க்குப் பூட்டுக் கிடையாது.

திருவிழாவன்று துண்டு விழுந்ததும் கூட்டம் கேன்களைப் பார்த்து ஓடியது. முன்னால் ஓடியவர் என் மாமனார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நான் ஒய்யாரமாக என் பச்சை பாட்டிலுக்கு நடந்தேன். குழி இருந்தது. இல்லை என்று சொல்லமுடியாது. அதில் கழுத்தளவு தண்ணீரும் இருந்தது. ஊத்தாவோ என் இடுப்பு உயரம். அழுத்தினால் கூடையோடு நானும் போய்ச்சேர வேண்டியதுதான். ஒரு மணி நேரம் முங்கி முங்கி எழுந்து, இடதுகால் செருப்பு ஒன்றைப் பிடித்தேன்.

கேன்கள் பக்கம் ஒரே கூச்சல். போய்ப் பார்த்தால் ஆளாளுக்குக் கெண்டை, கெளுத்தி. மாமனார் கையில் முழங்கையைத் தாண்டிய விரால். டீக்கடைக் கூட்டத்தில் ஒருவர் என்னைப் பார்த்ததும், "என்ன ஐஸு, செருப்பு எம்புட்டு வெயிட்டு வரும்?" என்றார்.

மாமனார் விராலை அவர் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"செவுளுக்குள்ள கைய விட்டுப் பாருய்யா. ஐஸு இருக்கா? இது எங்க மாப்ள கேன் போட்ட இடம். நீ கூடையில வச்சிருக்கிறதும் அவரு காட்டுன மீனுதான்."

சொல்லிவிட்டு அதை என் கூடையில் போட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. முகமெல்லாம் சேறாக இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. அன்று யாரும் அந்தப் பெயரைச் சொல்லி மறுபடி கூப்பிடவில்லை. அடுத்த வருடமும் நானே கேன் போட வேண்டும் என்று இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு நடக்கும்போது மனசு உறுத்தியது. இவரையும் சேர்த்தல்லவா ஏமாற்றினேன்? வரப்பில் நின்று சொல்லிவிட்டேன்.

"மாமா, அது கள்ளக் கேன். மீன் இல்லாத இடம்னு பார்த்துத்தான் போட்டேன்."

"தெரியும் மாப்ள," என்றார், நடையை நிறுத்தாமல். "தொழுவத்துல நீங்க எடுத்தது கடலப்புண்ணாக்குச் சாக்கு. ரெண்டுலயும் அடியில புண்ணாக்கு அள்ளாம கெடந்துச்சு. மூணு வாரமா மீனுக்கு விருந்து வச்சிருக்கீங்க."

"அப்புறம் ஏன் மாமா என்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா நீங்களும் அங்க வந்திருப்பீங்க. வந்து மறுபடி சேத்தத்தான் பிடிச்சிருப்பீங்க," என்றார். "அந்தச் செருப்ப வீட்டுக்குள்ள கொண்டாந்துராதீங்க."