பாடையில் போனவள்

என் கால் தரையில் படுகிறதா என்று எத்தனை பெண்கள் குனிந்து பார்த்தார்களோ, எனக்கு நினைவில்லை. கெலமங்கலத்தில் ஒருத்தி குனிந்ததோடு நிற்காமல் என் கால் கட்டைவிரலைக் கிள்ளிவிட்டு, "வலிக்குதா?" என்று கேட்டாள். "உன் விரலக் குடு, நான் கிள்ளறன். வலிக்குதா இல்லியான்னு நீ சொல்லு" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த வாயை நம்பித்தான் என் வீட்டுக்காரர் படமே எடுத்தார்.

அவர் கிருஷ்ணகிரியில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். வெள்ளைக்காரன் போய் ஏழெட்டு வருஷம் ஆகியிருந்த சமயம். பெங்களூர் தண்டில், அதாவது கன்டோன்மென்டில், சாமான்களை விற்றுவிட்டுப் போன ஒரு துரையின் மூவி கேமரா, பல கை மாறி அவர் கைக்கு வந்தது. அதோடு கல்யாண போட்டோ எடுப்பது அவருக்குக் கசந்துபோயிற்று. பேய்ப் படம் எடுக்கப்போகிறேன் என்றார். கம்பெனி கிடையாது, முதலாளி கிடையாது. கதையும் அவரே, கேமராவும் அவரே. பேயாக நடிக்க ஒரு பெண்ணும் வரவில்லை. வீட்டில்தான் ஒருத்தி இருக்கிறாளே என்று என்னைப் பிடித்துக்கொண்டார்.

புருஷன் வீட்டில் செத்துப்போன பெண், பேயாகத் தாய்வீட்டுக்கு வந்து கதவைத் தட்டுகிறாள். தாய் திறக்க மறுக்கிறாள். அவ்வளவுதான் கதை, முக்கால் மணி நேரம் ஓடும். சத்தத்தைப் பதிவு செய்ய அவரிடம் எந்தக் கருவியும் இல்லை. படம் ஓடும்போது நான் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து மைக்கில் எல்லாருக்குமாகப் பேசவேண்டும். எங்கள் பக்கத்தில் தமிழில் மட்டும் பேசினால் பாதி ஜனம் எழுந்து போய்விடும். "அம்மா, நான் வந்திருக்கறன்" என்று தமிழில் சொல்லி, அதையே கன்னடத்தில் சொல்லி, தெலுங்கில் சொல்லி முடிப்பதற்குள் பேய்க்கே தொண்டை கட்டிவிடும்.

சாவு காட்சியை என் பிறந்த ஊரில் எடுத்தோம். கெலமங்கலத்திலிருந்து மூன்று மைல். வேறு எந்த ஊரிலும் உயிரோடு இருப்பவளைப் பாடையில் தூக்கச் சம்மதிக்கவில்லை. எங்கள் ஊரிலும் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. பறை அடிப்பவர்களில் பெரியவர் ஒருவர்தான் வழி சொன்னார்.

"எல்லைக்கல் வரைக்கும் தூக்கிக்கினு போங்க. கல்லத் தாண்டாதீங்க. அங்கியே எறக்கி, மஞ்சத்தண்ணி தெளிச்சி, நடத்தியே கூட்டிக்கினு வந்துடுங்க. தாண்டிட்டா அந்த ஒடம்பு ஊருக்குள்ள திரும்பக் கூடாது. அது உங்களுக்கே தெரியும்."

தெரியும். அந்த ஊரில் பிறந்த எனக்குத் தெரியாதா?

என்னைக் குளிப்பாட்டி, நெற்றியில் காசு ஒட்டி, பாடையில் கிடத்தினார்கள். வாய்க்கரிசி போட அம்மாவைக் கூப்பிட்டார் என் வீட்டுக்காரர். அம்மா அரிசித் தட்டைத் தட்டிவிட்டாள். "பெத்த கையால போடமாட்டன். உனுக்கு வேணும்னா உங்கம்மாவக் கூட்டியாந்து போடச் சொல்லு" என்று மாப்பிள்ளையின் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு அந்த வாய் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

பாடை கிளம்பியது. பறைச் சத்தம் கூடவே வந்தது. பொழுது சாய்ந்துகொண்டிருந்ததால் வெளிச்சம் தேடி அவர் கேமராவைப் பின்னால் பின்னால் நகர்த்திக்கொண்டே போனார். கண்ணை மூடிக் கிடந்த எனக்குத் திடீரென்று பறை நின்றது கேட்டது. பறைக்காரர்கள் கல்லண்டை நின்றுவிட்டார்கள். "வாங்க, வாங்க, அப்படியே வாங்க" என்று என் வீட்டுக்காரர் போட்ட கூச்சலில் தூக்கியவர்கள் நடந்துகொண்டே இருந்தார்கள். நான் அப்போதே எழுந்திருக்கலாம். பாடையிலிருந்து குதித்து ஓடியிருக்கலாம். பிணமாக இவ்வளவு நன்றாக நடிக்கிறோமே, கெடுக்க வேண்டாம் என்று அசையாமல் கிடந்தேன். பாவி நான். கல்லைத் தாண்டி இருபது அடி போயிருந்தேன்.

அன்றைக்கே ஊர் கூடி, இனி நான் கல்லைத் தாண்டி உள்ளே வரக்கூடாது என்றுவிட்டது. நான் அழுதேன், சண்டை போட்டேன். அவரோ, "எப்படியும் நாம கிருஷ்ணகிரிதானே போறம்" என்று ஷூட்டிங் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார். ஆண்பிள்ளைகளுக்குப் பிறந்த ஊர் என்றால் என்ன என்று தெரிவதில்லை. அவர்கள் அதை விட்டு வருவதே இல்லையே.

இரண்டு மாதத்தில் அம்மாவுக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது. கையும் காலும் போய், பேச்சும் குழறிப்போனதாக அண்ணன் ஆள்விட்டுச் சொல்லியனுப்பினான். எல்லைக்கல் வரையாவது கட்டிலோடு தூக்கி வா என்று கேட்டேன். படுத்த ஆளை எல்லைப் பக்கம் தூக்கினால் அது கடைசிப் பயணம்தான், ஆகாது என்றுவிட்டான். அதற்குப் பிறகு எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: அம்மாவை ஒருமுறை பார்க்கவேண்டும்.

என் வீட்டுக்காரர் ஊர்க்கவுண்டரிடம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கவுண்டர் கெட்டவர் இல்லை. "மத்த ஊரு மாரியாத்தாளுங்க ஏத்துக்கட்டும். அப்பறம் நம்மூரு திருநாள்ல போடு. இது வேஷந்தான்னு ஜனம் கண்ணால பாக்கட்டும். பாத்துட்டு சரின்னா உம்பொண்டாட்டி உள்ள வரட்டும்" என்றார்.

அப்படித்தான் அந்தப் படம் திருவிழா திருவிழாவாகச் சுற்றியது. புரொஜெக்டர், ஆயில் எஞ்சின், இரண்டு வேட்டிகளைச் சேர்த்துத் தைத்த திரை, ஒலிபெருக்கிக் குழாய் எல்லாவற்றையும் ஒற்றை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போவோம். காப்பு கட்டிவிட்டால் அவிழ்க்கும்வரை ஊருக்குள் சாவைப் பற்றிப் பேசக்கூடாது. ஆகையால் மஞ்சள் நீராட்டு முடிந்த பிறகே எங்கள் படத்துக்கு இடம். வளையல் கடைக்காரன் பெட்டியைக் கட்டும்போது நாங்கள் போய் இறங்குவோம். தேன்கனிக்கோட்டையில் படத்தின் நடுவே ஒருவர் எழுந்துவந்து திரைக்குக் கற்பூரம் காட்டினார். ஓசூரில் வேப்பிலையும் செருப்பும் பறந்தன. நாகரசம்பட்டியில் இரண்டு மாமரங்களுக்கு நடுவில் திரையைக் கட்டியிருந்தோம். நான் ‘நான் வந்திருக்கறன்’ என்றதும் முன்வரிசை மொத்தமும் எழுந்து ஓடிற்று. என் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. இன்னும் பயங்கரமாகக் கத்து என்றார். கத்தினேன். படம் எவ்வளவு பேர் வாங்குகிறதோ அவ்வளவு சீக்கிரம் எங்கள் ஊருக்குப் போய்ச் சேரும் என்று நினைத்தேன். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

அடுத்த வருஷம் ஆடியில் எங்கள் ஊர்த் திருநாள். மாரியம்மன் கோயில் எல்லைக்கல்லுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. என் வீட்டுக்காரர் மைக் ஒயரை நீட்டி, கல்லுக்கு இந்தப் பக்கம், ஊருக்கு வெளியே, எனக்கு ஒரு பெட்டியைப் போட்டு உட்காரவைத்தார். திரையின் பின்புறம் தெரிந்தது. ஜனங்கள் தெரியவில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் அவர் ஓடிவந்து சொன்னார்: "அத்தையக் கட்டிலோட கொண்டாந்து முன்னால போட்டிருக்காங்க. ஆத்தா கோயிலுக்குன்னா தோசமில்லியாம்."

நான் மைக்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

படம் ஓடியது. என்னைக் குளிப்பாட்டினார்கள், பாடையில் வைத்தார்கள், தூக்கினார்கள். ஒரு சத்தம் இல்லை. அதே ஜனம், தாங்களே தூக்கிய பாடையைத் தாங்களே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு நான் கதவைத் தட்டும் இடம் வந்தது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எழுதிவைத்த பேச்சை விட்டுவிட்டேன்.

"அம்மா, நான் சாவலம்மா. உசுரோட இருக்கறன். எல்லைக்கல்லாண்ட நிக்கறன். எனுக்கு உன்னப் பாக்கணும்மா."

குழாயில் அது ஊர் முழுக்கக் கேட்டது. திரையில் அதே நேரத்தில் கரிபூசிய கண்ணும் விரித்த தலையுமாக நான் கதவை அறைந்துகொண்டிருந்தேன். கூட்டம் அலறியது. அந்த அலறலுக்குள் ஒரு குழறல் எழுந்தது. பேச்சு போன வாயில் ஒப்பாரி. சொல் ஒன்றும் தெளிவாக இல்லை, ராகம் மட்டும் இருந்தது. அம்மா எனக்கு ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தாள். "இல்லம்மா, இல்லம்மா" என்று நான் கத்தக் கத்த, அதுவும் பேயின் குரலாகவே போய்ச் சேர்ந்தது. என் வீட்டுக்காரர் எஞ்சினை நிறுத்தியபோது அம்மா மட்டும் நிறுத்தவில்லை.

கவுண்டர் கல்லுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒரு வருசமா ஜனம் மெல்ல மறந்துக்கினு இருந்திச்சி தாயி. இப்ப மறுபடியும் காட்டிட்டீங்களே. பெத்தவளே அழுதுட்டா. இனிமே நான் எந்த வாயால உன்ன உள்ள வான்றது?"

படம் போட்ட பதினாறாம் நாள் அண்ணன் எனக்குக் காரியம் செய்தான். அம்மா சோறு உண்ணவில்லையாம், காரியம் செய்தால்தான் ஆயிற்று என்று கையைக் காட்டினாளாம். எனக்கு இலை போட்டுப் படைத்த பிறகுதான் கஞ்சி குடித்தாளாம். அதைச் சொல்லவந்த ஆளை நான் கண்டபடி திட்டினேன். அவன் என்ன செய்வான், பாவம்.

நான் மைக்கைத் தொடமாட்டேன் என்றதும் படமும் ஊமையாகிப் பெட்டிக்குள் போனது. என் வீட்டுக்காரரை நான் மன்னிக்கவில்லை. என்னையும்தான்.

கார்த்திகையில் அம்மா போய்விட்டாள். எல்லைக்கல்லைத் தாண்டி ஊருக்குள் கால் வைக்க மாட்டேன் என்று அண்ணனுக்குச் சொல்லியனுப்பிவிட்டு, நேராகச் சுடுகாட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். அது கல்லுக்கு இந்தப் பக்கம்தானே இருக்கிறது. பறைச் சத்தம் தூரத்தில் கேட்டது. கல்லண்டை வந்தது. எனக்காக நின்ற பறை அம்மாவுக்கு நிற்கவில்லை.

என்னைப் பார்த்ததும் கூட்டம் தயங்கியது. யாரோ ஒருவர், "பொம்பளைங்க இங்க வரக்கூடாது" என்றார்.

"நான் பொம்பளையா? காரியம் பண்ணி அனுப்பிட்டீங்களே. செத்தவ சுடுகாட்டுல இல்லாம வேற எங்க இருப்பா?" என்றேன்.

பறைக்காரப் பெரியவர் தோளிலிருந்து பறையைக் கழற்றிக் கீழே வைத்தார். அண்ணன் அரிசித் தட்டைத் தரையில் வைத்துவிட்டுத் தள்ளிப் போனான், கையில் கொடுக்கப் பயந்து. அம்மாவின் வாய் கோணியிருந்தது. முகம் ரொம்பச் சின்னதாகிவிட்டிருந்தது. ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு அப்போதுதான் பார்த்தேன். எனக்குப் போடமாட்டேன் என்று அவள் தட்டிவிட்ட அரிசியை நான் அவளுக்குப் போட்டேன்.

எல்லாம் முடிந்து அவர்கள் குளித்துவிட்டு ஈரத்தோடு ஊருக்குள் போனார்கள். நான் கெலமங்கலத்துக்கு நடந்து போய் பஸ் ஏறினேன்.